டிஸ்க் கோல்ஃப் வளர எது தடை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பூங்காக்களில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள் நிற்கின்றனவே, அவை எதற்கு?

டிஸ்க் கோல்ஃப் ஆடுவதற்கு. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறார்கள். இதில் பிளாஸ்டிக் டிஸ்க்கை எறிந்து கூடையில் சேர்க்க வேண்டும். முதல் எறி டீ என்ற மேடையிலிருந்து. டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து அடுத்தது. குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். வந்து மோதும் டிஸ்க்கின் வேகத்தைச் சங்கிலி வாங்கிக்கொள்ள, அது கீழே உள்ள தட்டில் விழுகிறது. ஒரு திடலில் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும்.

முதல் நிரந்தரத் திடல் 1975இல் கலிஃபோர்னியாவின் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜில், ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அதை அமைத்த எட் ஹெட்ரிக்தான் சங்கிலிக் கூடைக்கும் தந்தை. பிடிஜிஏ என்ற தொழில்முறைச் சங்கத்தை 1976இல் தொடங்கியவரும் அவரே.

ஆட்டம் வேகமாக வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது? பிறகு தடை என்ற பேச்சு ஏன்?

ஆள் எண்ணிக்கையில் வளர்ச்சிதான். பிடிஜிஏ உறுப்பினர்கள் 2019இல் 53 ஆயிரத்துச் சொச்சம். கொரோனா வந்த 2020இல் 71 ஆயிரம். உள்ளரங்கு எல்லாம் மூடிக் கிடந்தபோது, திறந்தவெளியில் ஒருவரை ஒருவர் தொடாமல் ஆடக்கூடிய ஆட்டமாக இது கைகொடுத்தது.

ஆனால் ஆள் கூடிய வேகத்தில் இடம் கூடவில்லை. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சங்கத்தில் சேராமல், கட்டணம் செலுத்தாமல், பூங்காவில் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். ஊராட்சியின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் இல்லவே இல்லை. கீழே வரும் தடைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை: பிறர் நிலத்தில் இலவசமாக ஆடப்படும் விளையாட்டு இது.

எவ்வளவு நிலம் வேண்டும்?

கூடைக்கு ஒரு ஏக்கர் என்பது மனக்கணக்கு. 18 கூடைக்கு 18 முதல் 25 ஏக்கர். தொழில்முறை ஆட்டக்காரருக்கான நீளமான திடல் என்றால் இன்னும் கூடும். குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும், 45 முதல் 75 மீட்டர் நீளத்தில் 9 கூடை என்றால் 5 ஏக்கரில் அடக்கிவிடலாம். சாதாரண கோல்ஃப் மைதானம் 100 ஏக்கருக்கு மேல் விழுங்கும் என்பதால் இது சிக்கனம்தான். ஆனாலும் ஊருக்குள் யாரும் தொடாத 20 ஏக்கர் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் வழக்கமான தவறு நடக்கிறது. 10 ஏக்கர்தான் கிடைத்தது, ஆனால் ‘முழுத் திடல்’ வேண்டும் என்ற ஆசையில் 18 கூடைகளை அதற்குள் திணிப்பார்கள். ஒரு பாதைக்குக் குறுக்கே இன்னொன்று போகும். ஐந்தாம் டீயில் நிற்பவர் தலைக்கு மேல் மூன்றாம் கூடைக்கான டிஸ்க் பறக்கும். முதல் காயத்தோடு திடலுக்கு மூடுவிழா. 10 ஏக்கர் என்றால் 9 கூடை. அதற்கு மேல் வேண்டாம்.

நடைப்பயிற்சிக்கு வருபவர்களும் அக்கம்பக்கத்தாரும் ஏன் எதிர்க்கிறார்கள்? விளையாட்டுத் தட்டுதானே?

கடற்கரையில் வீசி விளையாடும் தட்டு அல்ல இது. தூரம் எறிவதற்கான டிரைவர் என்ற டிஸ்க் 170 முதல் 175 கிராம் இருக்கும். கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். நன்கு எறிபவர் கையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும், விளிம்போ கூர்மையாக இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் தாய் பயப்படுவதில் தவறில்லை.

இது பெரும்பாலும் வடிவமைப்பில் தீர்க்க வேண்டிய விஷயம். வலக்கைக்காரர் புறங்கையால் எறிந்தால், வேகம் குறையும் கட்டத்தில் டிஸ்க் இடப்பக்கம் சாயும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எறிகிறார்கள். ஆகவே நடைபாதை, வாகன நிறுத்தம், வீட்டு வேலி எதுவும் ஃபேர்வேயின் (டீயிலிருந்து கூடை வரையிலான ஆட்டப்பாதை) இடப்பக்கத்தில், குறிப்பாக டிஸ்க் இறங்கும் கடைசி மூன்றில் ஒரு பங்கில், இருக்கக் கூடாது. வலப்பக்கமும் முழுப் பாதுகாப்பில்லை: எதிர்காற்றில் டிஸ்க் வலப்பக்கம் புரண்டு, திரும்பி வராமல் போய்விடும். திறந்தவெளியில் இடப்பக்கம் 30 மீட்டர், வலப்பக்கம் 20 மீட்டராவது விட்டுவைப்பது நல்லது. இடையில் அடர்ந்த மரவரிசை இருந்தால் சற்றுக் குறைக்கலாம்.

மேட்டைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எறியவைக்கும் டீ, பொதுப்பூங்காவில் வேண்டவே வேண்டாம். ஆட்டக்காரருக்கு அது சுவாரசியம்தான். மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்பது எறிந்த பிறகே தெரியும்.

மரங்களும் மண்ணும் பாழாகின்றன என்கிறார்களே?

உண்மை. மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பல ஆண்டுகள் பிரபலமாக இருந்த பீஸ் பூங்காத் திடல் 2011இல் மூடப்பட்டது. ஓடைக்கரை மண் இறுகி, அரித்து, புல்லற்றுப் போனது பெரிய காரணம். திடலின் புகழே அதற்கு வினையானது: காலடிகள் கூடின, ஓய்வு கிடைக்கவில்லை.

தேய்மானம் சமமாக நடப்பதில்லை. டீயைச் சுற்றி, கூடையைச் சுற்றிப் பத்து மீட்டர், இரண்டுக்கும் இடையிலான ஒற்றையடிப் பாதை ஆகிய மூன்று இடங்களில்தான் மண் இறுகுகிறது. இறுகிய மண் மழைநீரைக் குடிக்காது. நீர் சரிவில் ஓடி மேல்மண்ணைக் கொண்டுபோகும். வேர் வெளியே தெரியும். வேர் தெரிந்த பிறகு செய்யும் வைத்தியம் எல்லாம் தாமதம்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை: ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு அல்லது மூன்று இடங்களில், கூடையின் தண்டு இறங்கும் குழாய் பதித்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கூடையை இடம் மாற்றுவது, கூடையைச் சுற்றி 8 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு மரச்சிராய் பரப்புவது (அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும்), சரிவில் கூடை வைத்தால் கீழ்ப்பக்கம் மரக்கட்டை அல்லது கல்லால் தடுப்பு அமைப்பது. டீக்கு நேர் எதிரே 30 மீட்டருக்குள் நிற்கும் மரம்தான் அதிகம் அடிவாங்கும். மென்பட்டை மரம், இளங்கன்று என்றால் பட்டை உரிந்து பட்டுப்போகும். அடிமரத்துக்கு முன்னால், அதைத் தொடாமல், இரண்டு மூன்று மரக்கம்பங்களை நட்டுவிட்டால் அடி அவற்றில் விழும்.

ஒரு திடல் அமைக்க என்ன ஆகும்?

நல்ல கூடை ஒன்று அமெரிக்காவில் சுமார் 300 முதல் 500 டாலர். 18 என்றால் 5,400 முதல் 9,000 டாலர். கூடை நிற்க 60 சென்டிமீட்டர் ஆழக் குழி, அதில் வெளிக்குழாய், சுற்றிலும் கான்கிரீட். குழாய்க்குள் கூடையின் தண்டை இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். பூட்டை மறந்தால் கூடை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எறிபவருக்குச் சங்கடம் தராத உயரத்தில் தட்டின் விளிம்பு இருக்க வேண்டும்; தரையிலிருந்து சுமார் 82 சென்டிமீட்டர்.

செலவு எகிறுவது கூடையில் அல்ல, டீயில். அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் 3 மீட்டர், தடிமன் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு டீக்கு 0.45 கனமீட்டர் கான்கிரீட், அதாவது ஒரு டன்னுக்கு மேல். 18 டீக்கு 8 கனமீட்டர். கலவை லாரி காட்டுக்குள் நுழையாது. தள்ளுவண்டியில் தள்ளிப் போக ஆள் வேண்டும். மேற்பரப்பை வழுவழுப்பாக்காமல், ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநாளில் வழுக்கும். முன்விளிம்பிலும் இரு பக்கமும் மண்ணை மேடையின் மட்டத்துக்கு நிரப்ப மறக்காதீர்கள். எறிந்த வேகத்தில் ஒருகால் மேடையைத் தாண்டி வரும். 10 சென்டிமீட்டர் பள்ளம் இருந்தால் கணுக்கால் போச்சு.

பணம் குறைவு என்றால் கூடையில் கை வைக்காதீர்கள். முதல் ஆண்டு டீயை மண்தரையாகவோ ரப்பர் விரிப்பாகவோ வைத்துச் சமாளிக்கலாம்.

இலவசமாக ஆட முடிவது பலமா, பலவீனமா?

தொடக்கத்தில் பலம். ஒரு டிஸ்க் 10 முதல் 20 டாலர், வேறு செலவில்லை. ஆனால் வருமானம் இல்லாத இடத்தில் பராமரிப்பாளரும் இல்லை, கழிப்பறையும் இல்லை, குப்பை அள்ளவும் ஆளில்லை. வேலை முழுவதும் பத்துப் பன்னிரண்டு தன்னார்வலர்களின் முதுகில் விழும். அவர்கள் சலித்துப் போனால் புதர் மண்டும்.

கட்டணம் வாங்கிச் சிறப்பாக நடக்கும் திடல்களும் உண்டு. சான் டியேகோவின் மார்லி ஃபீல்ட் பொதுப்பூங்காவுக்குள்ளேயே காசு வாங்கி நடத்தப்படுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் லெஸ்டரில் உள்ள மேப்பிள் ஹில் ஒரு கிறிஸ்துமஸ் மரப்பண்ணை. தனியார் நிலம், கட்டணத் திடல், உயர்மட்டப் போட்டிகள் நடக்கும் இடம். இரண்டிலும் பொது அம்சம், பகல் முழுக்க அங்கே ஆள் இருப்பது. எங்கள் கருத்தில், 3 முதல் 5 டாலர் வாங்கும் திடல் ஊருக்கு ஒன்றாவது வேண்டும். எல்லாவற்றையும் கட்டணமாக்கினால் புதியவர் வரத்து நின்றுவிடும்.

பின்லாந்தில் மட்டும் எப்படி இவ்வளவு பரவியது?

ஐம்பத்தைந்து லட்சம் பேர் கொண்ட நாட்டில் நூற்றுக்கணக்கான திடல்கள். நாட்டின் பெரும்பகுதி காடு. மக்கள் நெருக்கம் குறைவு. கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். இவை இயற்கை தந்தவை. மனிதர் செய்தது இன்னும் முக்கியம்: அங்கே திடல் கட்டுவதை நூலகம், பனிச்சறுக்குப் பாதை போல ஊராட்சியின் வழக்கமான செலவாக ஆக்கிவிட்டார்கள். ஊருக்குத் திடல் வேண்டுமா என்று கேட்ட காலம் போய், பக்கத்து ஊரில் இருக்கிறதே என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. தொழில்முறை உலகப் போட்டியே 2025இல் அங்குள்ள நோக்கியா, டாம்பரே நகரங்களுக்கு வந்தது.

அமெரிக்காவில் அதைவிடப் பல மடங்கு திடல்கள் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொன்றும் தனிப்போராட்டம்.

ஒருமுறை வந்தவர்கள் ஏன் திரும்ப வருவதில்லை?

பெரும்பாலும் கையில் இருந்த டிஸ்க் தவறானது. இதைவிட எளிதாகத் தீர்க்கக்கூடிய தடை வேறில்லை, இதைப் போல அலட்சியப்படுத்தப்பட்டதும் வேறில்லை.

கடையில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் இருக்கும். பெரும்பாலானவற்றின் மேல் நான்கு எண்கள்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் அளவு, கடைசியில் இடப்பக்கம் சாயும் அளவு. புதியவர் ‘வேகம் 12’ என்பதைப் பார்த்து, அதிக தூரம் போகும் என்று வாங்கிவிடுவார். அந்த எண்ணுக்குப் பொருள் வேறு. அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க அவ்வளவு வேகத்தில் எறியப்பட வேண்டும் என்பதுதான். அகல விளிம்புள்ள டிரைவரை மெதுவாக எறிந்தால், மிதக்க நேரமே இல்லாமல் இடப்பக்கம் மடங்கிப் புதரில் போய் விழும். ஐந்து எறி, ஐந்து புதர். ‘எனக்கு வராது’ என்று கிளம்பிவிடுவார்.

தயாரிப்பாளர்களே தங்கள் டிஸ்க்குக்கு எண் போட்டுக்கொள்வது இன்னொரு குழப்பம். ஒரு நிறுவனத்தின் 9 மற்றொன்றின் 8 போலப் பறக்கும். ஒரே வார்ப்பை வேறு பிளாஸ்டிக்கில் ஊற்றினாலும் பறப்பு மாறும்.

புதியவருக்கு இரண்டு டிஸ்க் போதும்: கூடைக்கு அருகிலிருந்து போட, வேகம் 2 அல்லது 3 உள்ள பட்டர் ஒன்று, நடுத்தூரத்துக்கு, வேகம் 4 அல்லது 5 உள்ள மிட்ரேஞ்ச் ஒன்று. எடை 165 கிராமுக்கு மேல் வேண்டாம். 60 மீட்டர் நேராக எறியப் பழகிய பின் வேகம் 7 உள்ள ஃபேர்வே டிரைவர் வாங்கலாம். நிறம் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு. பச்சை டிஸ்க்கைப் புல்லில் தேடியே பாதி நாள் போய்விடும்.

எறியில் முதல் குறை, டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கி இருப்பது. அது காற்றில் ஏறி நின்று, அப்படியே பின்னுக்குச் சரியும். சொம்பிலிருந்து தண்ணீர் சாய்ப்பது போல மணிக்கட்டைச் சற்றுக் கீழே மடக்கி எறியச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

பெண்கள் ஏன் குறைவு?

பிடிஜிஏ உறுப்பினர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டாட்டர் 2022இலும் 2023இலும் உலகப் பட்டம் வென்றார்; முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கழிப்பறைக்கு. இரண்டரை மணி நேர ஆட்டம், காட்டுக்குள், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில். தனியாக வரும் பெண் எதை யோசிப்பார் என்பதைத் திடல் வடிவமைப்பாளர்கள் வெகுகாலம் யோசிக்கவில்லை. வாகன நிறுத்தத்துக்கு அருகில் முதல் டீயும் கடைசிக் கூடையும், ஒவ்வொரு ஃபேர்வேயிலும் நீளம் குறைந்த இரண்டாவது டீ, பெண்கள் மட்டும் கூடும் ஒரு வார நாள், 150 கிராம் டிஸ்க்குகள் கடையில் கையிருப்பு ஆகிய நான்கும் இருக்கும் ஊர்களில் நிலைமை மாறுகிறது.

தொலைக்காட்சியில் ஏன் எடுபடவில்லை?

கிரிக்கெட்டுக்கு ஒரு ஆடுகளம். இதற்குப் பதினெட்டு, அதுவும் மரங்களுக்கு நடுவே. நால்வர் கொண்ட ஒரு குழுவைக் காட்டவே டீக்குப் பின்னால் ஒரு கேமரா, இறங்கும் இடத்தில் ஒரு கேமரா வேண்டும். 21 சென்டிமீட்டர் டிஸ்க்கை இலைகளின் பின்னணியில் தொடர்வது பழகிய ஒளிப்பதிவாளருக்கே சிரமம். காட்டில் அலைபேசி சமிக்ஞை கிடைக்காமல் நேரலை அறுந்துபோகும். அதனால்தான் அடுத்த நாள் தொகுத்து யூடியூபில் போடும் காணொளிகள் முதலில் வேரூன்றின. கட்டண நேரலை பின்னால் வந்தது.

2021இல் யூட்டாவின் ஆக்டன் நகரில் நடந்த உலகப் போட்டியின் கடைசிக் கூடையில், ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டரிலிருந்து எறிந்து நேராகச் சங்கிலியில் போட்டார்; சமநிலையாகி, கூடுதல் ஆட்டத்தில் பால் மெக்பெத்தை வென்றார். ஆட்டம் தெரியாதவர்களும் அந்தக் காட்சியைப் பகிர்ந்தார்கள். ஆனால் பதினைந்து வினாடிக் காட்சி பரவுவது வேறு, நான்கு மணி நேர ஒளிபரப்பை உட்கார்ந்து பார்ப்பது வேறு.

நேரில் பார்க்கவும் வசதியில்லை. இதற்கு ஒரு விடை தென் கரோலினாவின் ராக் ஹில்லில் உள்ள வின்த்ராப் பல்கலைக்கழகத் திடல். திறந்த புல்வெளியில் கயிறு கட்டி எல்லை போட்டு, 1999 முதல் அங்கே அமெரிக்கச் சாம்பியன் போட்டி நடக்கிறது. கயிறைத் தாண்டினால் தண்டம். பார்வையாளருக்கு எல்லாம் தெரியும். மரத்தை நம்பி வளர்ந்த பழைய ஆட்டக்காரர்கள் ‘கயிறு கோல்ஃப்’ என்று முகம் சுளிப்பார்கள்.

பணம் வந்துவிட்டதே? கோடிக்கணக்கில் ஒப்பந்தம் என்று படித்தோம்.

பால் மெக்பெத்துக்கு 2021இல் டிஸ்கிராஃப்ட் நிறுவனம் பத்தாண்டுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது உண்மை. கவனிக்க வேண்டியது, கொடுத்தவர் யார் என்பதை. டிஸ்க் செய்யும் நிறுவனம். இந்த விளையாட்டில் புழங்கும் காசில் பெரும்பகுதி ஆட்டக்காரர்கள் வாங்கும் டிஸ்க்கிலிருந்து வந்து, ஆட்டக்காரர்களிடமே திரும்பிப் போகிறது. டிஸ்க் விற்பனை குறையும் ஆண்டில் எல்லாம் சேர்ந்து சுருங்கும். வங்கி, கார், குளிர்பானம் என்று வெளியார் காசு வர, மேலே சொன்ன ஒளிபரப்புச் சிக்கல் தீர வேண்டும்.

ஒலிம்பிக்கில் வருமா?

அருகில் இல்லை. உலகப் பறக்கும் வட்டுக் கூட்டமைப்பை 2015இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அங்கீகரித்தது. ஆனால் அந்தக் கூட்டமைப்பு முதலில் முன்னிறுத்துவது அல்டிமேட் என்ற குழு ஆட்டத்தை. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களுக்கான ‘உலக விளையாட்டுகள்’ 2001இல் ஜப்பானின் அகிதாவில் நடந்தபோது டிஸ்க் கோல்ஃப் இடம்பெற்றது. அதன் பிறகு அந்தப் போட்டியில் அல்டிமேட்தான்.

சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் ஆடும் டிஸ்க்கை வைத்தே இதை ஆடலாமா?

பழகலாம். பெசன்ட் நகரில் பறப்பது 175 கிராம், 27 சென்டிமீட்டர் அகலம், மழுங்கிய விளிம்பு, பிடிப்பதற்காகச் செய்தது. 40 மீட்டருக்குள் கூடை வைத்தால் அதுவே போதும். மறுதலையாகச் செய்யாதீர்கள்: டிஸ்க் கோல்ஃப் டிரைவரைக் கையால் பிடிக்கப் போனால் விரல் போகும்.

எங்கள் ஊராட்சியிடம் இடம் கேட்கப் போகிறோம். எதைக் கொண்டு போக வேண்டும்?

‘திடல் வேண்டும்’ என்ற மனுவை முதலில் எடுத்துப் போகாதீர்கள். தரையில் பதிக்காமல் தானாக நிற்கும் தற்காலிகக் கூடைகள் 6 அல்லது 9 வைத்து, மூன்று மாதச் சோதனைக்கு அனுமதி கேளுங்கள். குழி தோண்டாத விஷயத்துக்குச் சம்மதம் எளிது.

கையில் இருக்க வேண்டியவை: நடைபாதைகளையும் டிஸ்க் விழும் பகுதிகளையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம், குப்பை, புதர், கூடை ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் ஐந்து பேரின் கையெழுத்து, காப்பீட்டில் பூங்காவின் பாலிசி இதை உள்ளடக்குமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில். மூன்று மாதமும் வந்தவர் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள், குறிப்பாகக் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். யூடிஸ்க் செயலியில் பதிவாகும் ஆட்டங்கள் உதவும். ஆனால் அதில் பதியாதவர்கள் நிறைய, ஆகவே நேரில் எண்ணுவதே நம்பகம்.

மாத முடிவில் பூங்கா ஊழியர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அதிகாரியோடு மட்டுமல்ல, புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவரோடும். ஒவ்வொரு கூடையையும் சுற்றி வளைத்து வெட்ட எத்தனை நிமிடம் கூடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எந்த இரண்டு கூடைகளை நான்கு மீட்டர் நகர்த்தினால் அந்த நிமிடங்கள் மிச்சமாகும் என்பதும்.